கரை யாருக்குச் சொந்தம்?
கிறிஸ்டல் கோவ் கடற்கரைக் குடில்கள்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கடற்கரையைப் பற்றிப் படிக்கும்போது அலையரிப்பு, படிவு, ஓங்கல், மணற்றடை என்று நிலவுருவங்களையே நாம் அதிகம் கற்கிறோம். உயர்தரத்தில் புவியியலை ஒரு பாடமாகத் தெரிவு செய்த எனக்கும் கரையோரம் என்றால் முதலில் அந்த வரைபடங்களே நினைவுக்கு வரும். ஆனால் கரையோரத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அது மனிதர் எழுதிய வரலாறு. ஒரு கரையில் யார் இருக்கலாம், யார் இருக்கக்கூடாது, யார் வந்து போகலாம் என்ற கேள்விகள் அங்கே நிறைந்திருக்கின்றன.

இக்கேள்விகளை விளங்கிக்கொள்ள நான் எடுத்துக்கொண்ட உதாரணம், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள கிறிஸ்டல் கோவ் என்னும் சிறிய கடற்கரைக் குடியிருப்பு. அங்கே 46 மரக்குடில்கள் இருக்கின்றன. அவற்றில் கோடை காலத்தைக் கழித்த குடும்பங்களில் எவருக்கும் காலடி மண் சொந்தமாக இருந்ததில்லை. ஆனாலும் சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வந்து வாழ்ந்தன. பின்னர் அந்நிலம் அரச காணியானது. குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. குடில்கள் மட்டும் நின்றன.

“அரச காணி” என்பதும் “பொதுக் காணி” என்பதும் ஒன்றுதான் என்றே பொதுவாக நினைக்கிறோம். இக்குடில்களின் வரலாற்றைப் படித்த பிறகு, அவை இரண்டும் ஒன்றல்ல என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன். அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகக் கீழே தருகிறேன்.

அமைவிடம்

லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குத் தெற்கே, ஒரேஞ்ச் கவுண்டி எனப்படும் நிருவாகப் பிரிவில், நியூபோர்ட் பீச், லகூனா பீச் ஆகிய இரு கரையோர நகரங்களுக்கு இடையே இவ்விடம் உள்ளது. லொஸ் திராங்கோஸ் என்ற சிற்றோடை மலைச்சரிவிலிருந்து இறங்கி இங்கே பசுபிக் சமுத்திரத்துடன் கலக்கிறது. அந்த ஓடை கடலைச் சேரும் வாயிலிலும், அதன் இருபுறத்து ஓங்கல்களின் அடியிலும் மேலுமாகக் குடில்கள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. குடில்கள் உள்ள பகுதி சுமார் 12 ஏக்கர் மட்டுமே. அதைச் சூழ்ந்துள்ள அரச பூங்காவோ 3 மைலுக்கு மேற்பட்ட கடற்கரையையும், அதற்குப் பின்னால் ஏறத்தாழ 2,400 ஏக்கர் மலைக்காட்டையும் கொண்டது.

ஓங்கலின் மேலாகப் பசுபிக் கரையோர நெடுஞ்சாலை செல்கிறது. வாகனத்தில் போகிறவர்களின் கண்ணுக்கு இக்குடில்கள் இலகுவில் தென்படமாட்டா. இந்த மறைவும் அவை நெடுங்காலம் தப்பிப் பிழைத்ததற்கு ஒரு காரணம் எனலாம்.

நிலம் கைமாறிய கதை

இக்கரையின் முதல் மக்கள் தொங்வா, அஹாச்செமென் ஆகிய பூர்வீகக் குடியினர். கடலில் மீனும் சிப்பியும், மலையில் விதைகளும் தானியங்களும் சேகரித்து அவர்கள் வாழ்ந்தனர். ஸ்பானியர் வந்தனர், பின்னர் மெக்சிக்கோவின் ஆட்சி வந்தது. மெக்சிக்கோ அரசு பெரும் பெரும் நிலப்பரப்புகளைத் தனிநபர்களுக்குக் கால்நடைப் பண்ணைகளாக வழங்கியது. அவ்வாறு ஹோசே செபுல்வேதா என்பவருக்குக் கிடைத்த சான் ஹொவாக்கின் பண்ணையில் இக்கரையும் அடங்கியிருந்தது.

1848இல் கலிபோர்னியா அமெரிக்காவின் கைக்கு வந்தது. 1850இல் ஒரு மாநிலமானது. 1860களில் ஏற்பட்ட கொடிய வரட்சியில் கால்நடைகள் மடிந்தன. கடனில் மூழ்கிய செபுல்வேதா 1864இல் தமது பண்ணையை விற்றார். வாங்கியவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் இர்வைன். 1876இல் அவர் தமது பங்காளிகளின் பங்குகளையும் வாங்கி முழு உரிமையாளரானார். ஏறத்தாழ ஓர் இலட்சம் ஏக்கர் கொண்ட அந்தப் பெருநிலத்தை நிருவகிக்க அவருடைய மகன் 1894இல் இர்வைன் கம்பனியை நிறுவினார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பூர்வீகக் குடியினரிடமிருந்து கம்பனி வரை இந்நிலம் பல கைகள் மாறியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பத்திரத்தில் ஒரு பெயர் இருந்தது. நிலத்தில் நின்று வாழ்ந்தவர்களின் பெயர் பெரும்பாலும் அதில் இருக்கவில்லை. இக்கட்டுரையில் பின்னால் வருவதும் இதே கதையின் தொடர்ச்சிதான்.

கூடாரத்திலிருந்து குடிலுக்கு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஓடை வாயிலுக்கு ஓவியர்களும், கூடாரமடித்துத் தங்குவோரும் வரத் தொடங்கினர். ஊமைப்படக் காலத்து ஹொலிவூட் தயாரிப்பாளர்களும் இவ்விடத்தைக் கண்டுகொண்டனர். தென் கடல் தீவுகளைப் பற்றிய படங்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையின்றி, லொஸ் ஏஞ்சல்ஸுக்கு அருகிலேயே அவர்களுக்கு ஒரு “தீவு” கிடைத்துவிட்டது. ஓலைக் குடிசைகளும் பனை இன மரங்களும் படப்பிடிப்புக்காக இங்கே தோன்றின. படப்பிடிப்பு முடிந்த பின் விடப்பட்டவை தங்க வந்தவர்களுக்கு உதவின.

1926இல் கரையோர நெடுஞ்சாலையின் இப்பகுதி திறக்கப்பட்டது. மோட்டார் வாகனம் வைத்திருந்த நடுத்தரக் குடும்பங்களுக்கு இக்கரை எட்டும் தூரத்துக்கு வந்தது. கோடை விடுமுறை தொடங்கியதும் குடும்பம் குடும்பமாக வந்து, ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில் கூடாரம் அடிப்பார்கள். நமது நாட்டு மீனவர்கள் பருவம் வந்ததும் கரையில் வாடி அமைத்து, பருவம் முடிந்ததும் கழற்றிக்கொண்டு போவதை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம். நோக்கம் வேறு, ஒன்று பிழைப்பு, மற்றையது பொழுதுபோக்கு. ஆனால் நிலத்தோடு கொண்ட உறவு ஒரே விதமானது. மண் யாருடையதோ, பருவம் மட்டும் நம்முடையது என்ற உறவு அது.

படிப்படியாகக் கூடாரங்களுக்குப் பலகைத் தளம் வந்தது. பின்னர் சுவர் வந்தது, கூரை வந்தது. இப்படித்தான் 1920களிலும் 1930களிலும் குடில்கள் உருவாகின. வரைபடம் தயாரித்த கட்டடக் கலைஞர் எவரும் இருக்கவில்லை. முறையான அத்திவாரம் இல்லை. ஒற்றைப் பலகைச் சுவர்கள். கரையொதுங்கிய மரம், வேறிடங்களில் கழித்துவிட்ட கதவு யன்னல்கள் என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் கட்டடப் பொருளாயிற்று. குடும்பத்தில் பிள்ளை ஒன்று கூடினால் பக்கத்தில் ஓர் அறை கூடும். ஆகவே ஒரு குடிலைப் போல் இன்னொன்று இல்லை. மக்கள் தமது தேவைக்கும் வசதிக்கும் ஏற்பத் தாமே கட்டிக்கொள்ளும் இத்தகைய கட்டடங்களையே நாட்டார் கட்டடக்கலை என ஆய்வாளர் அழைப்பர்.

இர்வைன் கம்பனி இதையெல்லாம் அறியாமலில்லை. எனினும் அது தடுக்கவில்லை. அக்காலத்தில் கரையோர நிலத்தை விட விவசாய நிலமே அதற்குப் பெறுமதியாக இருந்தது.

ஒரு நிபந்தனையும் அதன் விளைவும்

1940 அளவில் கம்பனி ஓர் அறிவித்தல் விடுத்தது. குடில் வேண்டுமானால் அதைப் பெயர்த்துக்கொண்டு வேறிடம் செல்லலாம். இல்லையேல் குடிலின் உரிமையைக் கம்பனிக்குக் கொடுத்துவிட்டு, வாடகைக் குடியிருப்பாளராக அங்கேயே தொடரலாம். பெரும்பாலான குடும்பங்கள் இரண்டாவது வழியையே தெரிவு செய்தன. தம் கையால் கட்டிய வீட்டுக்குத் தாமே வாடகை செலுத்தும் நிலை அவர்களுக்கு ஏற்பட்டது.

இந்த ஏற்பாட்டில் முக்கியமான நிபந்தனை, குடில்களைப் பெருப்பிக்கவோ மாற்றிக் கட்டவோ கூடாது என்பது. அன்று அது குடியிருப்பாளருக்கு ஒரு கட்டுப்பாடாகவே தோன்றியிருக்கும். ஆனால் அதன் விளைவு எவரும் எதிர்பாராதது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் தென் கலிபோர்னியாக் கரை முழுவதும் பழைய குடில்கள் இடிக்கப்பட்டு, மாடி வீடுகளும் ஹோட்டல்களும் எழுந்தன. கிறிஸ்டல் கோவ் மட்டும் 1930களின் தோற்றத்திலேயே உறைந்து நின்றது. சொந்தம் இல்லாததால்தான் அவர்களால் மாற்ற முடியவில்லை. மாற்ற முடியாததால்தான் அது பிழைத்தது. உரிமை இருந்திருந்தால் அவர்களும் ஏனையோரைப் போல இடித்துக் கட்டியிருப்பார்கள் அல்லது நல்ல விலைக்கு விற்றிருப்பார்கள் என்றே நான் கருதுகிறேன்.

குடில்களுக்கு அருகே கூடாரமடித்துக் கோடையைக் கழிக்கும் வழக்கமும் 1962 வரை நீடித்தது. கூடாரங்கள் அகன்ற பின்னர் குடில்களே எஞ்சின.

ஓங்கலின் மேலே வாழ்ந்தவர்கள்

கிறிஸ்டல் கோவின் கதையைச் சொல்பவர்கள் பலர் மணலில் விளையாடிய பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்வர். ஆனால் அதே காலத்தில், அதே கம்பனியின் நிலத்தில், ஓங்கலின் மேலும் மலைச்சரிவிலும் இன்னொரு சமூகம் வாழ்ந்தது. அவர்கள் ஜப்பானிலிருந்து குடிபெயர்ந்த விவசாயிகள்.

1927 முதல் இர்வைன் கம்பனி அவர்களுக்கு நிலத்தைக் குத்தகைக்கு வழங்கியது. தரிசாகக் கிடந்த சரிவுகளை அவர்கள் மரக்கறித் தோட்டங்களாக்கினர். விளைச்சலைச் சந்தைக்கு அனுப்பியதுடன் நெடுஞ்சாலையோரத்தில் சிறு கடைகள் போட்டும் விற்றனர். கரைக்கு விடுமுறைக்கு வந்தவர்களும் அக்கடைகளில் வாங்கினர். 1930களில் தம் பிள்ளைகள் தாய்மொழியை மறந்துவிடாதிருக்க ஒரு பாடசாலைக் கட்டடத்தையும் எழுப்பினர். அதுவே அவர்கள் கூடும் மண்டபமுமாயிற்று.

அவர்கள் நிலத்தை விலைக்கு வாங்கியிருக்கலாமே என்று நாம் கேட்கலாம். சட்டம் அதற்கு இடமளிக்கவில்லை. அமெரிக்கப் பிரசாவுரிமை பெறத் தகுதியற்றவர் எனக் கருதப்பட்ட வெளிநாட்டவர் விவசாய நிலத்தைச் சொந்தமாக வைத்திருக்க முடியாது என 1913ஆம் ஆண்டின் கலிபோர்னியாச் சட்டம் கூறியது. 1920இல் அது மேலும் இறுக்கமாக்கப்பட்டது. ஆசியக் குடியேறிகளை, விசேடமாக ஜப்பானியரை, மனதிற்கொண்டே அது இயற்றப்பட்டது. குடில்வாசிகள் நிலம் வாங்காதது அவர்களுடைய வசதியையும் கம்பனியின் விருப்பத்தையும் பொறுத்தது. விவசாயிகள் நிலம் வாங்காததற்குக் காரணம் அவர்களது இனம்.

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. 1942 பெப்ரவரி 19ஆம் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066ஆம் இலக்க நிறைவேற்றுக் கட்டளையில் ஒப்பமிட்டார். மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் 1,10,000க்கும் மேற்பட்டோர் தமது வீடுகளிலிருந்து அகற்றப்பட்டு உள்நாட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்க மண்ணில் பிறந்த பிரசைகள். கிறிஸ்டல் கோவின் விவசாயக் குடும்பங்கள் அரிசோனாப் பாலைவனத்திலிருந்த போஸ்டன் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. கிழக்குக் கரையிலுள்ள பொஸ்டன் நகரத்தோடு இதை நாம் குழப்பிக்கொள்ளக்கூடாது. இது முட்கம்பியும் புழுதியும் நிறைந்த இடம். கடல் காற்றில் வாழ்ந்தவர்கள் கடலே இல்லாத இடத்தில் அடைக்கப்பட்டனர்.

அவர்களது பயிர்நிலம் கைவிட்டுப் போயிற்று. அவர்கள் கட்டிய பாடசாலைக் கட்டடம் பின்னர் கடற்கரைக் குடில்களின் வரிசையில் சேர்க்கப்பட்டு, 34ஆம் இலக்கக் குடிலாயிற்று. ஒரு சமூகத்தின் பிள்ளைகள் எழுத்துப் பழகிய கூடம் வேறொரு சமூகத்தின் விடுமுறை வீடானது. 46 என்ற கணக்கைப் படிக்கும்போது, அதில் ஒன்று இவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை நாம் மறக்கக்கூடாது.

நிலவுரிமையைத் தடுத்த அந்தச் சட்டத்தைக் கலிபோர்னியா உயர் நீதிமன்றம் 1952இல் செல்லாததாக்கியது. 1988இல் அமெரிக்க அரசு பகிரங்கமாக மன்னிப்புக் கோரி, முகாம்களில் அடைக்கப்பட்டு உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் நட்டஈடு வழங்கச் சட்டமியற்றியது. பல பெற்றோர் அதற்குள் காலமாகிவிட்டனர்.

கரை பற்றிய சட்டங்கள்

கலிபோர்னியாவில் சாதாரண உயர்பெருக்கு மட்டத்திற்குக் கீழேயுள்ள ஈர மணல் பொதுமக்களுக்காக அரசு பொறுப்பேற்று வைத்திருக்கும் நிலமாகக் கருதப்படுகிறது. நீர்நிலைகளை மக்கள் அடையும் வழியைத் தடுக்கக்கூடாது என்பதும் மாநில அரசியலமைப்பிலேயே உள்ளது. ஆனால் ஈர மணலை அடைய உலர் நிலத்தைக் கடக்க வேண்டுமல்லவா? அந்த உலர் நிலம் தனியார் வேலிக்குள் இருந்தால் பொதுமக்களின் உரிமை ஏட்டுச் சுரைக்காய்தான். போருக்குப் பிந்திய காலத்தில் மைல் கணக்கில் வீடுகள் எழும்பிக் கடலை மறைத்தன.

இந்நிலையில் 1972இல் கலிபோர்னியா மக்கள் 20ஆம் இலக்கப் பிரேரணையை வாக்களித்து நிறைவேற்றினர். கரையோர ஆணைக்குழு உருவானது. 1976இல் கரையோரச் சட்டம் அதை நிரந்தரமாக்கியது. கரைக்கு மக்கள் வருவதற்கான வழியை இயன்றளவு விரிவாக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. அத்தோடு, குறைந்த செலவில் மக்கள் தங்கக்கூடிய, பொழுதுபோக்கக்கூடிய வசதிகள் பாதுகாக்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. இந்த இரண்டாவது வாசகத்தை மனதில் இருத்திக்கொள்வோம். பின்னால் அதன் தேவை வரும்.

1979: ஒரே ஆண்டில் இரு நிகழ்வுகள்

1979இல் இரண்டு காரியங்கள் நடந்தன. முதலாவது, கிறிஸ்டல் கோவ் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1920கள், 1930களின் தென் கலிபோர்னியக் கடற்கரைக் குடியிருப்பு எப்படி இருந்தது என்பதற்குச் சிதையாமல் எஞ்சிய சான்று என்பதே அதன் சிறப்பு. குடில்கள் இடிக்கப்பட்டுவிடுமோ என அஞ்சிய குடியிருப்பாளர்கள் இதற்காகப் பெரிதும் பாடுபட்டனர்.

இரண்டாவது, இர்வைன் கம்பனி இக்கரையையும் அதைச் சூழ்ந்த நிலத்தையும் கலிபோர்னியா மாநிலத்துக்கு விற்றது. விலை 32.6 மில்லியன் டொலர். கிறிஸ்டல் கோவ் அரச பூங்கா பிறந்தது.

இனிமேல் குடில்வாசிகள் கம்பனியின் வாடகைக்காரர் அல்லர். அரச பூங்காவுக்குள் வசிப்போர். கட்டடங்களைக் காப்பாற்றிய அவர்களே அக்கட்டடங்களில் தொடர்ந்து இருக்கலாமா என்ற பிரச்சினை அன்று தொடங்கியது.

இருபத்திரண்டு ஆண்டு இழுபறி

இரு தரப்பு வாதங்களையும் நேர்மையாக எடுத்து நோக்குவோம்.

குடியிருப்பாளர்கள் கூறியது இது. நாங்கள் செல்வந்தர் அல்லர். எங்கள் பாட்டன் பாட்டி காலம் முதல் இங்கே வருகிறோம். இக்குடில்கள் இன்றுவரை நிற்பது நாங்கள் ஆணியடித்து, வண்ணம் பூசிப் பராமரித்ததால்தான். இவ்விடத்தின் வரலாறு என்பது பலகைகள் மட்டுமல்ல. எங்கள் சமூக வாழ்வும்தான். எங்களை அனுப்பிவிட்டால் எஞ்சுவது வெறும் கூடு.

மறுதரப்பு கூறியது இது. பூங்கா முழு மாநில மக்களின் பணத்தால் வாங்கப்பட்டது. அதன் மிக அழகான மூலையில் சில டசின் குடும்பங்கள் மட்டும் சந்தை விலைக்குக் குறைந்த வாடகையில் ஏன் இருக்க வேண்டும்? கடற்கரைக்கு எவரும் வரலாம் என்றாலும், ஒருவருடைய வீட்டு விறாந்தைக்கு முன்னால் பாய் விரிக்க எந்த அந்நியருக்கு மனம் வரும்? அத்துடன் சுகாதாரப் பிரச்சினையும் இருந்தது. பழைய மலக்குழிகள் கடலுக்கு மிக அருகில் இருந்ததால் அவற்றின் கழிவு கடலோடு சேரும் அபாயம் சுட்டிக்காட்டப்பட்டது.

இரண்டும் நியாயமான வாதங்களே. இதனால்தானோ என்னவோ, தற்காலிக ஏற்பாடுகளாலும் நீடிப்புகளாலும் முடிவு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. இடையில் 1988இல் வெளியான ‘பீச்சஸ்’ திரைப்படத்தில் 13ஆம் இலக்கக் குடில் இடம்பெற்று உலகறிந்ததாயிற்று.

மூன்றாவது வழி ஒன்று

1997இல் மாநில அரசு ஒரு முடிவெடுத்தது. குடில்களைப் புனரமைத்து உல்லாச விடுதியாக நடத்துவதற்குத் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு 60 ஆண்டு ஒப்பந்தம் வழங்கியது. அரசிடம் திருத்த வேலைக்குப் பணமில்லை, தனியாரிடம் இருந்தது. கணக்கு இலகுவாகத்தான் தெரிந்தது.

இதைத்தான் நான் இக்கட்டுரையின் மையமாகக் கருதுகிறேன். காணி அரசினுடையதாகவே இருந்திருக்கும். பூங்காவின் பெயர்ப்பலகையும் அப்படியே நின்றிருக்கும். ஆனால் அங்கே ஓர் இரவு தங்கப் பெரும் பணம் கொடுக்க இயன்றவர்களே தங்கியிருப்பார்கள். குடில்வாசிகளை “நீங்கள் சிலர், பொதுமக்கள் பலர்” என்று சொல்லி அனுப்பிவிட்டு, அவ்விடத்தில் வேறு சிலரை, அதுவும் செல்வந்தரை, இருத்துவதற்குப் பெயர் பொதுவாக்குதல் அல்ல. குறைந்த செலவு வசதிகளைப் பாதுகாக்க வேண்டும் என்ற 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் உள்ளக்கருத்துக்கும் அது முரணானது.

பொதுமக்கள் எதிர்த்தனர். சூழலியலாளர், வரலாற்றுப் பாதுகாப்பாளர், குடியிருப்பாளர் எனப் பலர் ஒன்றுதிரண்டனர். அதுவரை ஒருவரோடொருவர் வாதிட்டவர்கள் இப்போது ஒரே பக்கத்தில் நின்றனர். 1999இல் கிறிஸ்டல் கோவ் அலையன்ஸ் என்ற இலாபநோக்கற்ற அமைப்பு உருவானது. அதைத் தொடக்கியவர் அக்குடில்களிலேயே வளர்ந்த ஒரு பெண்மணி. தாம் வெளியேற வேண்டிவரும் என்று தெரிந்தும், அவ்விடம் எல்லோருக்கும் திறக்கப்பட வேண்டும் என்பதற்காக அவர் உழைத்தார். 2001இல் 2 மில்லியன் டொலர் கொடுத்து அந்த 60 ஆண்டு ஒப்பந்தம் மீளப் பெறப்பட்டது. விடுதித் திட்டம் கைவிடப்பட்டது.

வெளியேற்றமும் திறப்பும்

அதே 2001ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கடைசிக் குடியிருப்பாளர்கள் வெளியேறினர். எழுபது, எண்பது கோடைகளின் கட்டில்களும் பாத்திரங்களும் ஓங்கலின் மேல் ஏற்றப்பட்டன.

பின்னர் திருத்த வேலை தொடங்கியது. 1935 முதல் 1955 வரையான காலத் தோற்றத்துக்கே குடில்களை மீட்பது என்று தீர்மானிக்கப்பட்டது. கோணலான பலகை கோணலாகவே விடப்பட்டது. அதற்கு அடியில் முறையான அத்திவாரமும், கழிவுநீருக்குக் குழாய் வழியும் அமைக்கப்பட்டன. 2006இல் முதற்கட்டமாக 22 குடில்கள் திறக்கப்பட்டன. அவற்றில் 13 இரவில் தங்குவதற்கானவை. 2011இல் மேலும் 7 சேர்ந்தன. வடக்குக் கரையின் எஞ்சிய 17 குடில்களின் வேலைக்கு இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன.

முழுக் குடிலாக எடுக்க வசதியில்லாதவர்கள் பொதுவிடுதி போல அறையை மட்டும் எடுத்துத் தங்கவும் ஏற்பாடு உண்டு. ஆனால் பதிவு பல மாதங்களுக்கு முன்னரே திறக்கிறது. திறந்த சில நிமிடங்களிலேயே இடங்கள் தீர்ந்துபோகின்றன. அன்று அதிர்ஷ்டம் என்பது எந்தக் குடும்பத்தில் பிறந்தோம் என்பதில் இருந்தது. இன்று அது யாருடைய விரல் முந்துகிறது என்பதில் இருக்கிறது. முன்னையதை விடப் பின்னையது நியாயமானது என்றே சொல்வேன். எனினும் முழு நியாயம் என்று சொல்லமாட்டேன்.

மூவரின் உரிமை

இவ்வரலாற்றில் மூன்று சாரார் இக்கரை மீது உரிமை கோரக்கூடியவர்களாக இருக்கின்றனர்.

முதலாவது சாரார் குடில்வாசிகள். அவர்களது உரிமை உழைப்பாலும் பழக்கத்தாலும் வந்தது. அவர்கள் இல்லாவிட்டால் காப்பாற்ற எதுவும் இருந்திராது. ஆனால் நீண்ட காலம் அனுபவித்தோம் என்பது, இனியும் நாமே அனுபவிக்க வேண்டும் என்பதற்கு நியாயமாகாது.

இரண்டாவது சாரார் பொதுமக்கள். அவர்களது உரிமை சட்டத்தால் வந்தது. அதுவே வலியது. ஆனால் “பொதுமக்கள்” என்ற சொல்லை எவரும் தமக்கு ஏற்றபடி பயன்படுத்தலாம் என்பதை 1997ஆம் ஆண்டு ஒப்பந்தம் காட்டியது.

மூன்றாவது சாரார் ஜப்பானிய விவசாயிகள். அவர்களுக்காக எவரும் மனுக் கொடுக்கவில்லை; ஊர்வலம் போகவில்லை; வரலாற்றுப் பட்டியல் கேட்கவில்லை. குடில்வாசிகளுக்கு வெளியேற 22 ஆண்டு அவகாசம் கிடைத்தது. விவசாயிகளுக்குக் கிடைத்ததோ சில வாரங்கள். இரண்டு வெளியேற்றங்களையும் ஒரே தட்டில் வைப்பது தவறு என நான் நினைக்கிறேன். ஒன்று விடுமுறையின் முடிவு. மற்றையது வாழ்க்கையின் முறிவு.

ஆகவே ஒரு காணி உண்மையில் பொதுக் காணியாக வேண்டுமானால் மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, பத்திரம் அரசின் பெயரில் இருக்க வேண்டும். இரண்டு, சாதாரண வருமானமுடைய ஒருவர் தயக்கமின்றி அங்கே போக முடிய வேண்டும். மூன்று, அங்கே வாழ்ந்த எல்லோருடைய கதையும், வசதியான பகுதி மட்டுமல்லாமல் வெட்கப்பட வேண்டிய பகுதியும், அங்கே சொல்லப்பட வேண்டும். கிறிஸ்டல் கோவில் முதலாவது 1979இல் நிறைவேறியது. இரண்டாவதற்கு 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மூன்றாவது வேலை ஒரு தடவையில் முடிந்துவிடுவதல்ல. 34ஆம் இலக்கக் குடிலைக் காணும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது புதிதாகச் சொல்லப்பட வேண்டும்.

முடிவுரை

46 மரக்குடில்கள் உலக வரலாற்றில் பெரிய விடயம் அல்லதான். போர்களையும் ஒப்பந்தங்களையும் படிக்கும் நமக்கு அவை அற்பமாகவும் தோன்றலாம். ஆனால் நிலம், இனம், சட்டம், பணம் ஆகிய நான்கும் ஒரு சிறு கரையில் எவ்வாறு மோதுகின்றன என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடங்கள் குறைவு. பெரிய வரலாற்றைச் சிறிய இடத்தில் வைத்துப் படிக்கும் பழக்கத்தை இக்குடில்களே எனக்கு ஏற்படுத்தின.

எனவே, வாசிக்கும் சகோதரிகளிடம் நான் வேண்டுவது இதுதான். ஓர் இடத்தின் வாயிலில் “பொதுமக்களுக்கானது” என்ற பலகையைக் காணும்போது அத்தோடு நின்றுவிடாதீர்கள். உள்ளே இருப்பவர் யார், வர முடியாதவர் யார், முன்னர் இருந்தவர் யார் என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பாடப்புத்தகம் கரையின் மண்ணைப் பற்றிச் சொல்லித்தரும். கரையின் மனிதரை நாம்தான் தேடிப் படிக்க வேண்டும்.